'எதிர்ப்பு சக்தி' என்னும் பிழை

மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் சென்ற மாதம் ஒரு சத்துமாவு டப்பாவை என்னிடம் நீட்டி, "இதைக் குடிச்சா எதிர்ப்பு சக்தி கூடுமா சார்?" என்று கேட்டார். அவருடைய ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி அதற்குப் போயிருந்தது. டப்பாக்களிலும் நாளிதழ்த் துணுக்குகளிலும் மலிந்துள்ள அந்தச் சொல்லையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

இயற்பியலில் சக்தி என்பது அளக்கத்தக்கது, சேமித்து வைக்கத்தக்கது. உடலின் தற்காப்பும் அத்தகையதா? இன்டர்ஃபெரானை எடுத்துக்கொள்வோம். 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவரும் இதைக் கண்டறிந்தனர். செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸைச் சந்தித்த கோழிக்கருச் சவ்வு ஒரு பொருளை வெளியிட்டது. அப்பொருள் பட்ட புதிய சவ்வில் வைரஸ் பெருக முடியவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் செல்லினுள் உள்ள உணர்விகள் இனங்காண்கின்றன. உடனே இன்டர்ஃபெரான் ஜீன்கள் இயங்கத் தொடங்குகின்றன. வெள்ளணுக்கள் மட்டுமே இதைச் சுரக்கும் என்று எழுதுவது தவறு. பெரும்பாலான செல்களுக்கு இத்திறன் உண்டு. ஆனால், வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக உள்ள ஒருவகை டென்ட்ரைட்டிக் செல்களே மிக அதிகமாகச் சுரக்கின்றன.

இன்டர்ஃபெரான் தானே வைரஸைக் கொல்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு பாத்தியின் வரப்பு உடைந்தால், கூச்சல் கேட்டு அடுத்த பாத்திக்காரர் தம் மடையை அடைப்பதில்லையா? அதுபோல, எச்சரிக்கை பெற்ற செல்லில் நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. சில, வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டிக்கின்றன, சில, புரத உற்பத்தியையே நிறுத்துகின்றன.

அந்தக் கூச்சல் உரிய நேரத்தில் எழவேண்டும்; பிறகு அடங்கவும் வேண்டும். காய்ச்சலும் உடல்வலியும் ஓரளவு இதன் விளைவே. லூபஸ் நோயாளிகள் பலரிடம் அது அடங்காமல் நீடித்து உடலையே வருத்துகிறது. இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தும் இறப்பு குறையவில்லை என்று 2020 அக்டோபரில் தெரியவந்தது. 'கூடினால் நல்லது' என்னும் கணக்கு இங்கே செல்லாது.

உணவு குறைந்தால் காப்பும் குறையும் என்பது உண்மை. அதற்குக் கடைத்தெரு மீனும் பருப்பும் கீரையும் போதும் என்றே அவரிடம் சொன்னேன். 'நோய்த் தடைக்காப்பு' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நாளிதழ்கள் அதையே எழுதட்டும். சொல் திருந்தினால் ஓர் ஏழையின் கூலியாவது மிஞ்சும்.