சாரத்துக்குள் ஒரு கப்பல்

போர்ட்ஸ்மவுத் போய்வந்தவர்கள் இப்போதெல்லாம் ஒரே குறையைச் சொல்கிறார்கள். ஆசை ஆசையாக விக்டரி கப்பலைப் பார்க்கப் போனோம், சாரம் கட்டி மூடி வைத்திருக்கிறார்கள், படம் எடுக்க ஒன்றுமே இல்லை என்று. உண்மைதான். கப்பலின் மேல்பாய்மரங்கள் 2011இலேயே இறங்கிவிட்டன. நடுப் பாய்மரத்தை 2021இல் கழற்றினார்கள். 2022இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு பத்தாண்டு பிடிக்கும் என்று அப்போதே அறிவித்தும் விட்டார்கள். ஆனாலும் அந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. பாய்மரமும் கயிறுமாக நிமிர்ந்து நிற்கும் விக்டரி அஞ்சலட்டைகளில் ஆயிரம் முறை அச்சாகிவிட்டது. அதைவிட நன்றாக நாம் எடுத்துவிடப் போவதில்லை. பலகை உரிந்து, விலா மரங்களான வங்குகள் வெளியே தெரிய நிற்கும் விக்டரியோ சில வருடங்களுக்குத்தான் கிடைக்கும்.

என் கட்சி இது: பழைய கப்பலில் கண் தேட வேண்டிய இடம், பழையதும் புதியதும் சேரும் மூட்டுவாய். அதைப் பிடித்துவிட்டால் முழுக் கப்பலும் சட்டத்துக்குள் அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன. இந்த ரசனைக்கு இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் இந்தத் துறைமுக நகரம்போல வேறு ஊர் அமைவது கடினம். ரயிலை விட்டு இறங்கிச் சில நிமிட நடையில் மூன்று கப்பல்கள். 1545இல் மூழ்கியது மேரி ரோஸ், 1805இல் டிரஃபால்கரில் போரிட்டது விக்டரி, 1860இல் நீரில் இறங்கியது வாரியர். மூன்றும் மூன்று விதமாக முதுமையைச் சமாளித்திருக்கின்றன.

விக்டரிக்கு ஏரா என்ற அடிமரம் வைத்தது 1759இல், சாத்தம் கப்பல் தளத்தில். நீரில் இறக்கியது 1765இல். சுமார் 6,000 மரங்கள் தேவைப்பட்டன, பெரும்பாலும் ஓக். டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் சுடப்பட்டு விழுந்த கப்பல் என்பதால் உடைபடாமல் தப்பியது. 1922 ஜனவரியில் இப்போதுள்ள உலர்துறைக்குள் ஏற்றி நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அதற்கு எதிரி பீரங்கி அல்ல. அதன் சொந்த எடைதான். கடலில் மிதக்கும்போது தண்ணீர் கப்பலின் அடிவயிறு முழுவதையும் ஒரே சீராகத் தாங்கும். தரையில் அந்தத் தாங்கல் இல்லை. இடைவெளி விட்டு வைத்த எஃகுத் தொட்டில்கள்மேல் உட்கார்ந்த கப்பல், தொட்டில் இருந்த இடத்தில் நசுங்கியது, இல்லாத இடத்தில் தொங்கியது. அதனால்தான் பழைய தொட்டில்களை எடுத்துவிட்டு 134 எஃகு முட்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முட்டும் தன்மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று அளந்துகொண்டே இருக்கும்.

அந்த முட்டுகளுக்கு நடுவே, உலர்துறையின் அடிமட்டத்தில், கப்பலுக்குக் கீழேயே நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் விக்டரியில் படம் எடுக்கச் சிறந்த இடம் இதுதான். தலைக்குமேல் செப்புத் தகடு போர்த்திய வயிறு உருண்டு இறங்குகிறது. பக்கவாட்டில் முட்டுகள் சாய்ந்து சாய்ந்து மறைகின்றன. கீழே பழைய கல் தளம். அகன்ற லென்ஸை மாட்டினால் வயிறு பலூன்போல உப்பிவிடும். 50 மில்லிமீட்டரே போதும். ஒரு முட்டின் தலையும் மரமும் தொடும் இடத்தைக் குவியத்தில் வைத்துவிட்டு மற்றதை மங்க விடலாம். இருபத்தோராம் நூற்றாண்டு எஃகு பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலைத் தாங்கும் அந்த ஓர் அங்குலத்தில் நூறு வருடச் சண்டை இருக்கிறது.

மேலே, சாரத்துக்குள், இன்னும் சுவையான விஷயம். விக்டரியின் உடம்பில் இன்று இருக்கும் மரத்தில் பெரும்பகுதி டிரஃபால்கரைப் பார்த்ததே இல்லை. காளானும், மரத்தைக் குடையும் வண்டும் தின்றுகொண்டே வந்தன, மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1950களுக்குப் பிறகு நடந்த பழுதுகளில் ஓக்குக்குப் பதில் தேக்கும் இரோக்கோ என்ற ஆப்பிரிக்க மரமும் போட்டார்கள். எண்ணெய்ப் பசை உள்ள மரத்தைப் பூச்சி அண்டாது என்று கணக்கு. இப்போது மறுபடியும் ஓக். ஆக, ஒரே பக்கவாட்டில் பல காலத்துத் தச்சர்களின் கை அடுத்தடுத்துத் தெரிகிறது. பழைய வங்கு கறுத்து வெடிப்போடியிருக்கும். அதன் பக்கத்தில் நேற்று இழைத்த ஓக், தேன் நிறத்தில். இதையெல்லாம் ஒருநாள் கறுப்பும் வெளிர் நிறமுமாகப் பட்டை அடித்து மூடிவிடுவார்கள். அந்த வெளிர் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் விக்டரி அழுத்தமான ஆரஞ்சு மஞ்சளில் நின்றது. பழைய வண்ணப் படலங்களை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்துவிட்டு, 2015இல் டிரஃபால்கர் காலத்து நிறம் இதுதான் என்று இளஞ்சிவப்பு கலந்த சந்தன நிறத்துக்கு மாற்றினார்கள். பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு கப்பல் என்றே தோன்றும். ஊர்க்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. எனக்குப் புதிய நிறம்தான் பிடிக்கிறது, மேகம் மூடிய ஆங்கில வெளிச்சத்தில் அது கத்துவதில்லை.

உள்ளே பீரங்கித் தளங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும். எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் உண்டு, உறங்கி, போரிட்டார்கள். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பீரங்கி வாயில்கள் வழியே சதுரம் சதுரமாக வெளிச்சம் விழும்வரை காத்திருந்து, முழங்கையை உத்தரத் தூணில் அண்டக் கொடுத்து, மெதுவான ஷட்டரில் எடுப்பதுதான் வழி.

வாரியர் இதற்கு நேர்மாறு. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு, மூன்று பாய்மரம், இரண்டு புகைபோக்கி. கம்பீரம் என்றால் அதுதான். 1860 டிசம்பர் 29இல் தேம்ஸ் கரையில் இதை நீரில் இறக்க முயன்றபோது குளிரில் சறுக்குமேடையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகுகளும் நீரழுத்தத் தள்ளிகளும் வைத்துத்தான் நகர்த்தினார்கள். உடம்பே இரும்பு, அதன்மேல் 114 மில்லிமீட்டர் இரும்புக் கவசம், கவசத்துக்குப் பின்னால் 457 மில்லிமீட்டர் தேக்கு. அன்றைய உலகில் அதை எதிர்த்து நிற்க ஆளில்லை. போரில் ஒரு குண்டுகூடச் சுடாமலே பத்து வருடத்தில் பழசாகிவிட்டது.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. பாய்மரம், இயந்திரம் எல்லாவற்றையும் இழந்து, 1929இல் வேல்ஸின் பெம்புரோக்கில் மிதக்கும் எண்ணெய்த் துறையாகக் கட்டிப் போடப்பட்டது. ஐம்பது ஆண்டு அதன் பக்கத்தில் மற்ற கப்பல்கள் வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. 1979இல் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்துப்போய், எட்டு வருடம் உழைத்து, 1987இல் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே வாரியரில் வெளியுடம்பு அசல். உள்ளே நாம் வியக்கும் பெரும்பாலானவை மறுஆக்கம். பீரங்கிகளில் பலவும் அசல் பீரங்கியிலிருந்து அச்செடுத்து வார்த்த கண்ணாடியிழைப் பிரதிகள். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும். எனக்கு அப்படியில்லை. சாப்பாட்டு மேசை, துப்பாக்கி அடுக்கு, பித்தளை விளிம்பு என்று எல்லாம் ஒரே மெருகில் ஜொலிப்பதுதான் மறுஆக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த மெருகையே படத்தின் பொருளாக ஆக்கிக்கொள்ளலாம். அசல் வேண்டுமென்றால் வெளியே வந்து, உடம்பின் இரும்புத் தகடுகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடுக்கடுக்கான வண்ணத்துக்கு அடியில் மேடு பள்ளம் தெரியும். எந்தப் பட்டறையும் அதைச் செய்து தர முடியாது.

வாரியரை முழு நீளத்துக்கும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதன் துறைமேடையில் நின்று மல்லுக்கட்டுவார்கள். 128 மீட்டர் கப்பல் அங்கிருந்து அடங்காது. பக்கத்திலிருந்தே கோஸ்போர்ட்டுக்குப் படகு போகிறது, ஐந்து நிமிடம்கூட ஆகாத பயணம். அதில் ஏறி, மாலை வெயில் முதுகில் படும்படி, எதிர்க்கரையிலிருந்து நீண்ட லென்ஸில் எடுப்பது மேல். பின்னால் 170 மீட்டர் ஸ்பின்னேக்கர் கோபுரம் வந்து நிற்கும். 2005இல் திறந்த இந்தக் கோபுரத்தைப் படத்திலிருந்து தள்ளிவிடப் பலர் படாத பாடு படுகிறார்கள். தேவையில்லை. பாய் விரித்த வடிவம் அது. பாய்மரக் கப்பலுக்குப் பின்னால் நிற்க அதற்கு உரிமை உண்டு.

மேரி ரோஸைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தணியும். எட்டாம் ஹென்றியின் கப்பல். 1545 ஜூலை 19இல் பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதப் போய், மன்னர் சவுத்ஸீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கவே கவிழ்ந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேரில் தப்பியவர்கள் முப்பத்தைந்துக்கும் குறைவு. வலப்பக்கமாகச் சேற்றில் சாய்ந்து புதைந்த பாதி, காற்றும் கப்பற்புழுவும் எட்டாததால் பிழைத்தது; வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடப்பக்கத்தை நீரோட்டமும் புழுவும் தின்று தீர்த்தன. 1982 அக்டோபர் 11இல் மேலே தூக்கினார்கள். தூக்கியதும் காய விட முடியாது. நூற்றாண்டுகளாக ஊறிய மரத்தின் அறைகளைத் தண்ணீர்தான் நிமிர்த்தி வைத்திருக்கும். அது வற்றினால் மரம் சுருங்கி உதிரும். அதனால் முதலில் குளிர்ந்த நீர், 1994இலிருந்து பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகுக் கரைசல், என்று 2013 வரை இடைவிடாமல் தெளித்தார்கள். பிறகுதான் உலர்த்தல். இங்கே பழையதும் புதியதும் சேரும் மூட்டு கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் ஒவ்வோர் அறைக்குள்ளும் இருக்கிறது.

2013இல் திறந்த அருங்காட்சியகத்தைக் கப்பலைச் சுற்றியே கட்டினார்கள். இல்லாமல் போன இடப்பக்கத்தின் இடத்தில் பார்வையாளர் நடக்கும் தளங்கள். எதிரே கண்ணாடிக்கு அப்பால் எஞ்சிய பாதி. ஒவ்வொரு தளத்திலும் கிடைத்த பொருள்கள் அந்தந்தத் தளத்துக்கு நேரே வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் மிகக் குறைவு. கண்ணாடியில் நம் முகமே பிரதிபலிக்கும், ஆகவே கறுப்புச் சட்டை போட்டுப் போவதும், லென்ஸின் ரப்பர் மூடியைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து எடுப்பதும் நல்லது. மேல்தளத்தில் கண்ணாடி குறுக்கே வராது; இரட்டைக் கதவு வழியே கப்பல் இருக்கும் அறைக்குள்ளேயே போய் நிற்கலாம். அப்படியும் கப்பல் படத்தில் சரியாக விழுவதில்லை. அந்தப் பிரமாண்டத்தைக் கேமரா சின்னதாக்கிவிடுகிறது. நான் பொருள்களுக்குத் திரும்பிவிடுவேன். மரத்தில் செதுக்கிய பேன் சீப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல், நம் வீட்டு அலமாரியில் கிடப்பதற்கும் அதற்கும் அரை வித்தியாசமில்லை. மரத் தட்டுகளில் இது என்னுடையது என்று காட்டக் கத்தியால் கீறிய குறிகள். அந்தக் கீறலுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் போதும்.

முதல் உலகப் போர்க் கப்பலான எம்.33 அருகிலேயே நிற்கிறது. தூரத்தைக் கணிக்க முடியாதபடி கோணல்மாணலாகப் பூசிய வண்ணம் படத்துக்கு அழகுதான், ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

கட்டடங்களைக் கப்பலுக்குப் பின்னணி என்று நினைப்பது அநியாயம். பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் செங்கல் சிவக்கும் சிவப்பைப் பார்க்க வேண்டும். 1840களில் எழுந்த ஆறாம் எண் படகுக் கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், வார்ப்பிரும்பு உத்தரங்களிலேயே எத்தனை டன் வரை தாங்கும் என்ற எச்சரிக்கை எழுத்து எழுத்தாக வார்த்திருக்கும். கட்டியவனின் நேர்மை! கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் கப்பி ஆலைக்கு நாம் நினைத்த நேரத்தில் போக முடியாது. மார்க் புருனெல் வகுத்து, மாட்ஸ்லி செய்துதந்த இயந்திரங்களில் பத்துப் பேர் நூற்றுப்பத்துப் பேர் வேலையைச் செய்த இடம் அது. 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். டிரஃபால்கருக்குப் புறப்பட்ட நாளில் நெல்சன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது இந்த ஆலையைத்தான்.

நமக்கு நெருக்கமான கப்பல் ஒன்றும் இதே துறைமுகத்தில் பல பத்தாண்டு மிதந்தது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி. மலபார்த் தேக்கில், பம்பாயில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் கட்டி 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கியது. அதன் வரைபடங்களை ஏந்திவந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் பிடித்துவிட்டதால் மறுபடி ஒரு பிரதி அனுப்ப வேண்டியிருந்தது. வரைபடத்தைப் பறித்த கான்ஸ்டிடியூஷன் பாஸ்டனில் இன்றும் மிதக்கிறது. பறிகொடுத்துப் பிறந்த டிரிங்கோமலியும் மிதக்கிறது. இரண்டும் கிழவிகளாகிவிட்டன. போர்ட்ஸ்மவுத்தில் அதற்குப் ஃபுட்ராயன் என்று பெயர். சிறுவர்களுக்குப் பயிற்சிக் கப்பல். வாரியர் 1987இல் ஹார்ட்டில்பூலிலிருந்து வந்த அதே வருடம் இது ஹார்ட்டில்பூலுக்குப் போனது; பழைய பெயர் பிற்பாடு திரும்பக் கிடைத்தது. அதன் தேக்கு பெருமளவு அசலாகவே நிற்கிறது. விக்டரியின் ஓக் அழுகி அழுகி மாறிய கதையைக் கேட்டபின் இதைக் கேட்பது இனிக்கும்.

மாலையில் துறைமுக வாயிலின் வட்டக் கோபுரத்துக்குப் போய்விடுவது நல்லது. 1418இல் தொடங்கிய கோபுரம். எதிரி உள்ளே வராமல் இங்கிருந்து கோஸ்போர்ட் கரைக்குச் சங்கிலி இழுத்துக் கட்டினார்கள். வாயில் குறுகல் என்பதால் போகும் வரும் கப்பலெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கடக்கும். இன்றைய 280 மீட்டர் விமானந்தாங்கிகள் புறப்படும் நாளில் ஊரே திரண்டுவிடும். முன்கூட்டியே போனால்தான் சுவரோரம் இடம் கிடைக்கும். அங்கேயும் முழுக் கப்பலுக்கு ஆசைப்பட வேண்டாம். கோபுரத்தின் தேய்ந்த கல்லையும் அதை உரசுவதுபோலப் போகும் சாம்பல் எஃகையும் ஒரே சட்டத்தில் வைக்க 85 மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்கும்.