சபராளி இல்லாத சுவரொட்டிகள்

சபர் என்னும் சொல்லுக்கு நம் இல்லங்களில் விளக்கம் தேவையில்லை. "வாப்பா சபரில் இருக்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஒரு சொல்லுக்குள் பினாங்கும் சிங்கப்பூரும் கொழும்பும் ரங்கூனும் அடங்கிவிடும். தபாற்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பிற்பகல்களும் அடங்கிவிடும். பூமியில் சுற்றி வந்து முன்னோர் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா, அரபியர் மஃபர் என்றழைத்த நம் கரையில் இறங்கி மதுரை வரை சென்றார். ஆகவே பயணம் நமக்குப் புதிதன்று. பயணத்தைப் பற்றிய பழைய விளம்பரத் தாள்களைத் தேடித் திரட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவதும், அவற்றை விலை பேசி விற்பதும்தாம் புதிய வழக்கங்கள். அவ்வழக்கத்தைப் பற்றிச் சில எண்ணங்களை வாசகர் முன் வைக்க விழைகிறோம்.

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில் வாழும் அன்பர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாமென்பது அவர் விருப்பம். சென்னை மூர் மார்க்கெட் இருந்த காலத்திலேயே பழைய தாள்களைச் சேர்க்கத் தொடங்கியவர் அவர். 1985ஆம் ஆண்டு மே மாதம் அந்த அங்காடி தீக்கிரையானபோது, தம் இளமையில் பாதி எரிந்து போனதாக இன்றும் சொல்கிறார். மாடியறையில் ரயில், கப்பல், சைக்கிள் விளம்பரங்கள் நாற்புறமும் தொங்குகின்றன. சில மூலத் தாள்கள், பல மறுபதிப்புகள். எது எது என்பதை அவரே மறைக்காமல் சொல்லிவிடுகிறார். சேகரிப்பாளரிடம் நாம் முதலில் எதிர்பார்க்கும் நேர்மை அது.

கலையின் பெருமை

சுவரொட்டி ஒரு கலையா என்னும் ஐயம் இன்று எவருக்கும் இல்லை. 1860களில் பாரிசில் ஜூல் ஷெரே என்பவர் கல்லச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பெருந்தாள்களை வெளியிட்டார். அதுமுதல் தெருச்சுவர் ஏழையும் இலவசமாகக் காணும் ஓவியக்கூடமாயிற்று. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின், சைக்கிள் செய்வோர் அச்சுவரின் பெரும் வாடிக்கையாளர் ஆயினர்.

புகழ்பெற்ற ஓவியர் துலூஸ் லோத்ரெக்கும் 1896இல் சிம்சன் நிறுவனத்தின் சைக்கிள் சங்கிலிக்காகச் சுவரொட்டி வரைந்தார். அதற்குமுன் அவர் வரைந்து தந்த தாளொன்று ஏற்கப்படவில்லை. சைக்கிளின் சங்கிலிப் பகுதியை அவர் சரியாக வரையவில்லை என்பதே காரணம். ஓவியர் எத்துணைப் பெரியவராயினும் சங்கிலி சங்கிலியாக இருக்க வேண்டுமென்று வணிகர் கேட்டார். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அதனிடம் திரும்புவோம்.

அன்பரின் அறையில் நம்மை நெடுநேரம் நிறுத்தியவை கசாந்தர் என்னும் பிரெஞ்சு ஓவியரின் தாள்கள். மறுபதிப்புகளே எனினும் அவற்றின் ஆற்றல் குன்றவில்லை. 1927இல் அவர் ஒரு விரைவு ரயிலுக்காக வரைந்த தாளில் ரயிலே இல்லை. தண்டவாளங்கள் அடிவானத்தை நோக்கி ஓடி ஒன்று கூடுகின்றன. அங்கே ஒரு விண்மீன் ஒளிர்கிறது. 1935இல் நார்மண்டி கப்பலுக்காக வரைந்ததில் கப்பலின் முன்முகம் ஒரு கோட்டைச் சுவர்போல் நம்மேல் எழுகிறது. உருவங்களைச் சுவரில் மாட்டத் தயங்கும் மரபில் வந்தவர்கள் நாம். கோடும் கோணமும் எழுத்துமே அழகாகும் என்பதை நம் பள்ளிவாசல்களின் வேலைப்பாட்டில் கண்டு வளர்ந்தவர்கள். அக்கண்ணுக்குக் கசாந்தரின் விண்மீன் அந்நியமாகத் தோன்றாது.

தாள் காட்டாதது

இனி நம் குறையைச் சொல்வோம். 1930களில் இந்திய அரசு ரயில்வே, இந்தியாவைக் காண வாரீர் என்று அழைக்கும் அழகிய சுவரொட்டிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தாஜ்மகால், கோயில், அரண்மனை, யானை, படித்துறை எல்லாம் அவற்றில் உண்டு. அழைப்பு யாருக்கு? கடல் கடந்து வரும் வசதி படைத்த விருந்தினருக்கு. நம் நாட்டு மனிதர் அத்தாள்களில் தோன்றினால் தலைப்பாகையோடு காட்சியின் ஒரு மூலையில் நிற்பார். காண்பவராக ஒருபோதும் வரமாட்டார். காணப்படும் பொருளாகவே வருவார். ராலே நிறுவனம் ஆப்பிரிக்காவுக்கென வெளியிட்ட சைக்கிள் விளம்பரமொன்று பெயர் பெற்றது. பின்னே சிங்கம் துரத்த, ஓர் ஆப்பிரிக்கர் சைக்கிளில் தப்பிச் செல்கிறார். படம் வேடிக்கையானதுதான். ஆனால் அதே சைக்கிளில் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் சென்ற ஆப்பிரிக்கரை அத்தாளில் தேடினால் கிடைக்கமாட்டார்.

கப்பல் விளம்பரங்களிலும் இக்கதைதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கும் சிங்கப்பூரும் சென்ற ராஜுலா கப்பலை அறியாத சபராளிக் குடும்பம் உண்டோ? 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஒரு காலத்தில் 5000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து, 1974இல் உடைக்கப்பட்டது. அதற்கு இளையதான எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பறிகொடுத்தது. அதோடு அந்தப் பயணிகள் வழியும் முடிந்தது. அக்காலக் கப்பல் நிறுவனங்களின் தாள்களில் முதல் வகுப்பின் மேல்தளமும் சாய்வு நாற்காலியும் பார்த்திருக்கிறோம். தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த மனிதரை வரைந்த தாள் ஒன்றும் நம் கண்ணில் பட்டதில்லை.

ஹஜ்ஜுப் பயணமும் இந்த வணிக உலகுக்கு வெளியே நிற்கவில்லை. உல்லாசப் பயணத்துக்குப் பெயர் பெற்ற தாமஸ் குக் நிறுவனமே 1886இல் இந்திய அரசின் ஹஜ்ஜுப் பயண முகவராக நியமிக்கப்பட்டு, 1893 வரை அப்பணியைச் செய்தது. நைல் நதிக்குச் செல்வோரையும் ஜித்தாவுக்குச் செல்வோரையும் ஒரே நிறுவனம் அனுப்பியது. முன்னவரின் பயணம் வண்ணத் தாளாகி இன்று ஏலத்தில் விலை போகிறது. பின்னவரின் பயணம் பெரும்பாலும் அரசாங்க அறிக்கைகளில் தங்கிவிட்டது. 1995இல் பம்பாயிலிருந்து ஹாஜிகளின் கப்பல் பயணமும் முடிவுற்றபின், அதை நேரில் அறிந்தவர்கள் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

"விளம்பரம் வரலாறன்று, விற்க வந்த தாளிடம் உண்மை கேட்பது முறையா?" என்று அன்பர் நம்மிடம் வினவினார். கேள்வி நியாயமானது. ஆயினும் லோத்ரெக்கின் தாளைத் திருப்பி அனுப்பியவரும் வணிகரே அல்லரோ? சங்கிலி பொய்யாக இருக்கலாகாது என்று கேட்கத் தெரிந்த விளம்பர உலகம், மனிதரைப் பற்றி அவ்வாறு கேட்கவில்லை. வரைந்தவர்களை இன்று நாம் திருத்த முடியாது; சேகரிப்பவர் தம் சேகரிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

உம்மாவின் பெட்டி

நாம் பேசிக்கொண்டிருக்கையில் அன்பரின் தாயார் தேநீருடன் வந்தார்கள். எண்பதைக் கடந்த மூதாட்டி. நம் உரையாடலைச் சற்றுக் கேட்டுவிட்டு, "பாருங்க தம்பி, கப்பல் படத்தையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கான். கப்பல்ல போன மனுசரோட சீட்டு கீழே பெட்டியிலேதான் கிடக்கு" என்றார்கள். அன்பர் தலைகுனிந்தார்.

கீழே சென்று அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். 1960களில் அவருடைய வாப்பா பினாங்கு சென்ற தளப் பயணச் சீட்டு, அம்மை குத்திக்கொண்ட சான்று, ஊர் திரும்பியபின் ஹெர்குலிஸ் சைக்கிள் வாங்கிய ரசீது ஆகியவை ஒரு துணியில் முடிந்திருந்தன. அந்தச் சைக்கிளில்தான் அவர் நெடுஞ்சாலை வழியே துறைமுக வேலைக்குச் சென்று வந்தாராம். சீட்டின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. கடிதக் கட்டு ஒன்று வீடு மாறியபோது பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டதென்று தாயார் சொன்னபோது, அறையில் எவரும் பேசவில்லை.

அந்த நெடுஞ்சாலையே ஒரு பெரிய சுவரொட்டிக்குப் பொருளாகக் கூடியது. 1856இல் ரயில் புறப்பட்ட இராயபுரம் ஒரு புறம். 1950களில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்த திருவொற்றியூர் மறுபுறம். அந்த என்ஃபீல்டும் இங்கிலாந்தில் சைக்கிள் நிறுவனமாகத் தொடங்கிப் பீரங்கிச் சின்னத்தோடு விளம்பரத் தாள்கள் வெளியிட்டதுதான். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் உருவானபின், ஹெர்குலிஸ் என்னும் பர்மிங்காம் பெயர் நம் தொழிலாளர் வீடுகளில் சொந்தப் பெயராயிற்று. ஆலைச் சங்கு ஊதுமுன் இச்சாலையில் சோற்றுத் தூக்கு தொங்க மிதித்துச் சென்ற வரிசையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரிசுச் சுவரொட்டியில் சைக்கிள் உல்லாசத்தின் அடையாளம்; இங்கே அது ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைத்த கருவி.

செய்யத் தக்கது

சேகரிக்கும் அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம். வாங்கும் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பழைய கல்லச்சுத் தாளில் மெழுகுக் கோலின் ஒழுங்கற்ற மணிமணியான தடம் தெரியும். பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். பிரிட்டிஷ் ரயில்வேத் தாள்களில் டபுள் ராயல் என்பது 25 அங்குல அகலமும் 40 அங்குல உயரமும் உடையது. அளவு மாறினால் ஐயுறுங்கள். கடலோர ஈரமும் நேர் வெயிலும் தாளுக்குப் பகை. செல்லோ டேப் ஒட்டுவதும் பிளாஸ்டிக் உறைக்குள் சூடு வைத்து மூடுவதும் தீராத கேடு. தட்டையாகக் கிடத்தி, அமிலமற்ற தாளை இடையில் வைத்துக் காப்பதே நன்று. ஒவ்வொரு தாளின் பின்னும் தனித் துண்டில், எங்கே எவரிடம் எப்போது கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தளச் சீட்டு, ஹஜ்ஜுப் பயணப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, சைக்கிள் ரசீது ஆகியவற்றைக் குப்பை என்று எடை போட்டு விற்றுவிடாதீர்கள். விலை கேட்டால் அவற்றுக்கு எவரும் ஒன்றும் தரமாட்டார். ஆனால் சுவரொட்டி வரையாமல் விட்ட மனிதர் அவற்றில்தான் இருக்கிறார். இறந்தவர் நம்மிடம் விட்டுச் சென்ற தாள் ஓர் அமானத்து.

விடைபெறும்போது அன்பர் நம்மை மீண்டும் மாடிக்கு அழைத்தார். கப்பல் விளம்பரமொன்றைச் சுவரிலிருந்து இறக்கியிருந்தார். அதன் பக்கத்தில் வாப்பாவின் சீட்டையும் வைத்து ஒரே சட்டமிட வேண்டும் என்றார். மூலச் சீட்டை வெயில் படாமல் பெட்டியிலேயே காத்து, அதன் படியைச் சட்டத்தில் இடுமாறு சொன்னோம். ஒப்புக்கொண்டார். படியின்கீழ் என்ன எழுதுவதென்று தாயாரைக் கேட்டபோது, வாப்பாவின் பெயரையும் ஊரையும் போட்டால் போதும் என்றார்கள்.