கோள்பலனும் குரல்வளமும்

பதுளை, பசறைத் தோட்டங்களிற் காமன் கூத்துக்கு மாசி மூன்றாம் பிறை பார்த்தே கம்பம் ஊன்றுவர். பிறை நாளைத்தான் குறிக்கும். பாடுவோன் யாரென்பதை வாத்தியாரின் செவியே தீர்மானிக்கும். பாடற் போட்டிகளுக்குப் பலன் கூறும் சோதிடர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். 1974 ஏப்ரல் 6இல் பிரைட்டன் நகரில் யூரோவிஷன் போட்டியை வென்ற சுவீடனின் 'அபா' குழுவினர் நால்வர். பிறந்த நாட்களும் நான்கு. பெற்ற 24 புள்ளிகள் எவருடைய சாதகத்துக்கு உரியன?

2023இல் ஜீ தமிழின் 'சரிகமப' சிறுவர் போட்டியில் அரியாலைக் கில்மிஷா வென்றார். புசல்லாவைத் தோட்டத்து அசானியும் அம்மேடையிற் பாடினார். இருவருக்கும் குருபலன் இருந்திருக்கலாம். ஆயின் லயத்துச் சிறுமிக்கு வேண்டிய கடவுச்சீட்டுக்கும் பயணச்செலவுக்கும் பயிற்சிக்கும் எந்த இராசிக் கட்டத்தில் இடமுண்டு? ஊவா லயங்களில் அடங்கிப்போன குரல்களுக்குக் கெட்டநேரம் என்று காரணங் கூறுவது, பொறுப்புடையோர்க்கு மிக வசதியான சோதிடம்.