கதை நிற்கும் இடம் - ஜஸ்பர் தொடர் பற்றிய ஒரு நோக்கு

வகுப்பறையில் வீடியோவைப் பயன்படுத்துவது குறித்து எழுதுவோர் 'இடைவினை' என்னுஞ் சொல்லை மிகத் தாராளமாக வழங்குகின்றனர். மாணவன் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும், இடைவினை நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இக்கருத்து எத்துணை வறியது என்பதை அறிய, அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவொன்று 1980களின் இறுதியில் தொடங்கி 1990களில் நிறைவுசெய்த 'ஜஸ்பர் வூட்பரி' கணிதத் தொடரை நோக்குதல் தகும்.

ஐந்தாம் வகுப்புக்கும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குமெனக் காட்சித்தட்டில் ஆக்கப்பெற்ற 12 கதைகளைக் கொண்டது இத்தொடர். முதற் கதை மிக எளியது. ஜஸ்பர் ஆற்றுவழியே சென்று பழைய படகொன்றை வாங்குகிறான். அதன் விளக்குகள் எரியா. பொழுது சாயுமுன் வீடு திரும்ப இயலுமா? எரிபொருள் போதுமா? போதாதெனின், வாங்கக் கையிற் பணமுண்டா? கதை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. தூரம், வேகம், விலை, நேரம் யாவும் முன்னரே காட்சியிலும் பேச்சிலும் இயல்பாக வந்துபோயின. அவற்றைக் கணக்கென எவருஞ் சுட்டிக்காட்டவில்லை. மாணவர் தமக்கு எது தேவை என்பதைத் தாமே தீர்மானித்து, கதைக்குள் மீளச் சென்று தேடவேண்டும். நாடாவாயின் சுற்றிச் சுற்றியே பாடவேளை கழிந்துவிடும். தட்டில் வேண்டிய காட்சியை நொடியில் எடுக்கலாம். கருவியின் இயல்பு கற்பித்தலின் தேவையோடு இவ்வாறு பொருந்தியமை அரிதாகவே நிகழ்கிறது. விளக்கு எரியாத படகு என்ற சிறு குறையைக் கொண்டே அந்தி நேரத்தைக் கணிதமாக்கிய கதையமைப்பும் பாராட்டத்தக்கது.

காயமுற்ற கழுகொன்றை மீட்கும் பிறிதொரு கதையில், செல்லும் வழிகள் பல. யார் செல்வது, எதிற் செல்வது, எவ்வழி செல்வது என மாணவர் தம்முள் வாதிட வேண்டியிருக்கிறது. இவ்வாதமே உண்மையான இடைவினை.

குறையும் இல்லாமலில்லை. ஜஸ்பரின் உலகம் மூடுண்டது. தேடினாற் கிடைக்கும் என்ற உறுதி அங்கு எப்போதும் உண்டு. வாழ்க்கை அத்தகைய உறுதி எதனையும் தருவதில்லை. மேலும், ஒரு கதை பல பாடவேளைகளை விழுங்கும். பாடத்திட்டத்தை முடிக்க விரையும் ஆசிரியர் தாமே கரும்பலகையில் விடையைச் செய்துகாட்டின், கதை வெறும் பயிற்சிக் கணக்காகிவிடும்.

இதனோடு 2010களிற் பரவிய எட்பசில் போன்ற கருவிகளை ஒப்புநோக்குக. ஆசிரியர் வீடியோவின் இடையிடையே வினாக்களைச் செருகுகிறார், படம் நிற்கிறது, மாணவன் விடையைத் தெரிவுசெய்கிறான், படம் தொடர்கிறது. விரிவாக விடையெழுதும் வினாவையும் இடலாம் என்பது உண்மையே. ஆயினும், புள்ளி உடனே கிடைப்பதாற் பல்தேர்வு வினாவே ஆசிரியரை எளிதில் ஈர்க்கும். ஜஸ்பர் ஒருமுறை நின்று, பல நாட்களுக்கான வினாவை எழுப்பினான். இங்கோ படம் பலமுறை நிற்கிறது. எழுவதோ ஒரு நொடிக்கான வினா. மாணவன் படத்தை முன்னோக்கித் தாவாதவாறு தடுக்கும் வசதியையும் ஆசிரியர் தெரிவுசெய்யலாம். அங்கே பின்னோக்கிச் செல்வது சிந்தனையின் வழியாக இருந்தது. இங்கே முன்னோக்கிச் செல்வது குற்றமாகிறது. ஜஸ்பருக்குக் காவற் பூட்டு வேண்டியிருக்கவில்லை.

எவர் எவ்வளவு பார்த்தார் என்ற கணக்கும் ஆசிரியரிடம் வந்து சேர்கிறது. நேரம் மிச்சமாவதை மறுப்பதற்கில்லை. ஜஸ்பர் வகுப்பில் அத்தகைய பதிவேதும் இல்லை. மாணவர் என்ன நினைக்கின்றனர் என அறிய, ஆசிரியர் குழுக்களிடையே சென்று அவர்களது வாதத்தைக் கேட்கவேண்டியிருந்தது.