நீற்றறையும் சவுக்கடியும்

சமயத்தின் பெயரால் மனிதன் மனிதனை வருத்திய வரலாறு நெடியது. அதனை அரசாணைகளிலும் தீர்ப்புகளிலும் குறித்து வைத்தோர் உளர்; காப்பியமாகவும் கதையாகவும் பாடி வைத்தோரும் உளர். இவ்வகை நூலொன்றை மதிப்பிட வேண்டின், தம்மவர் பட்ட துயரை ஆசிரியர் எத்துணை உருக்கமாகப் பாடினார் என்று கேட்பது மட்டும் போதாது. தம்மவர் கையால் பிறர் பட்ட துயரை எவ்வாறு பாடினார் என்றும் கேட்டல் வேண்டும். இவ்வுரைகல்லில் தமிழ் நூலொன்றையும் ஸ்பானிய நூலொன்றையும் உரைத்துப் பார்த்து, பின்னர் நம் வரலாற்றையும் நம் காப்பியத்தையும் அதே கல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதற்சான்றுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் சாலையிலுள்ள காடாம்புலியூரார் ஒரு காலைப்பொழுதில் சென்று மீளக்கூடிய தொலைவிலேயே திருவாமூரும் திருவதிகையும் உள்ளன. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் வாழ்ந்தார். அப்பாடலிபுத்திரமே இன்று கடலூர் நகரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர். பின்னர் அவர் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு மீண்டு, சைவம் தழுவித் திருநாவுக்கரசர் ஆனார். சமயம் மாறிய குற்றத்திற்காகப் பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டச் செய்தான், யானையை ஏவினான், இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளச் செய்தான். கல் மிதந்து, அவர் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் என்பது பெரியபுராணச் செய்தி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இத்துன்பங்களை ஒவ்வொன்றாக, பல பாடல்களில் பாடிச் செல்கிறார். படிப்பவர் எச்சமயத்தவராயினும் அவர் உள்ளம் நாவுக்கரசர் பக்கமே நிற்கும். நம்பிக்கைக்காக ஒருவர் வதையுறுவதைக் காண நேரின் அவ்வாறு நிற்றலே மனிதப் பண்பு. ஆனால் கதை கரையேறியதோடு முடியவில்லை. மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்து, அவற்றைக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் சிவன் கோயிலை எழுப்பினான் என்று சேக்கிழாரே கூறுகிறார். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர் ஆதலின் அம்மன்னனே இவன் என்பர் வரலாற்றாசிரியர். நாவுக்கரசர் பட்டதற்குப் பல பாடல்கள். பள்ளிகள் பட்டதற்கு ஒரே பாடல்! அங்கே ஓதிக்கொண்டிருந்த துறவிகள் எங்குச் சென்றனர்? அவர்தம் சுவடிகள் என்னவாயின? கவிஞர் கேட்கவில்லை. கி.பி. 458இல் சர்வநந்தி என்பார் ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூலை இயற்றிய பாடலிகை இவ்வூரே என்பர் அறிஞர். அந்தப் பிராகிருத மூலம் மறைந்து, பிற்கால வடமொழி வடிவமே எஞ்சியுள்ளது.

எனினும் சேக்கிழாருக்கு நீதி செய்தல் வேண்டும். அந்த ஒரு பாடலை அவர் எழுதாதிருந்தால் இடிந்த பள்ளிகளைப் பற்றிப் பெரியபுராணம் படிப்போர் அறியவும் வழியில்லை. மதுரைக் கழுவேற்றம் வரலாறா அன்றா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் அதைப் பாடுமிடத்தும் அவர் தடையின்றிக் கடந்து செல்லவில்லை. சம்பந்தர் பகைமையற்றவர் என்றும், சைவர் இருந்த மடத்திற்குச் சமணர் இழைத்த தீங்கு கருதியே அரசன் செயலை விலக்காதிருந்தார் என்றும் காரணம் காட்டுகிறார். காரணம் காட்ட வேண்டும் எனத் தோன்றியதே அப்பெரும்புலவரின் உள்ளத்து உறுத்தலைப் புலப்படுத்துகிறது எனலாம்.

இனி ஸ்பெயினுக்குச் செல்வோம். இன்க்விசிஷன் எனப்பட்ட சமய விசாரணை மன்றம் அங்கு 1478இல் தோன்றி 1834 வரை நிலைத்தது. அத்தகைய மன்றமொன்றைப் போர்ச்சுகீசியர் 1560இல் நம் நாட்டுக் கோவாவிலும் நிறுவினர். மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளான மருத்துவ அறிஞர் கார்சியா த ஓர்த்தாவின் எலும்புகளை அம்மன்றம் 1580இல் தோண்டியெடுத்து எரித்தது! 1492இல் கிரனடா வீழ்ந்தபோது முஸ்லிம்களின் சமய உரிமைக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி பத்தாண்டும் நிலைக்கவில்லை. அரபு நூல்கள் தெருவில் குவித்து எரிக்கப்பட்டன. 1567இல் அரபு மொழியும் மரபுடையும் தடை செய்யப்பட்டன. ஞானஸ்நானம் பெற்றும் ஐயத்திற்குரியோராகவே நடத்தப்பட்ட மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர், 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதித் தம் மார்க்கத்தைக் காத்து வந்தவர்கள். அரபுத்தமிழ் ஓதி வளர்ந்த குடும்பங்களுக்கு அதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுமா? 1884இல் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, ஒளித்து வைத்திருந்த அத்தகைய சுவடிகள் குவியலாக வெளிப்பட்டன.

அந்நாடுகடத்தல் முடிந்த மறு ஆண்டே, 1615இல், ‘டான் குவிக்சோட்’ இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதன் ஆசிரியர் செர்வாண்டிஸ் அல்ஜீரியாவில் ஐந்தாண்டு சிறைப்பட்டிருந்தவர். முஸ்லிம்களை வெறுக்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் ரிகோட்டே என்னும் மொரிஸ்கோ கடைக்காரரை அவர் படைத்தார். துரத்தப்பட்ட ரிகோட்டே யாத்திரிகர் வேடத்தில் திரும்பி வந்து, பழைய அண்டை வீட்டுக்காரனாகிய சாஞ்சோவோடு வழியில் அமர்ந்து உண்கிறார். பிறந்த மண்ணை நினைந்து உருகுகிறார். மனச்சான்றின்படி வாழ ஜெர்மனியில் இடமுண்டு என்கிறார். ஆனால் அதே வாயால் மன்னரின் ஆணை முறையானதே என்றும் சொல்கிறார். இதனை ஆசிரியரின் கருத்தென்று கொள்வாரும் உளர். தணிக்கைக்கு அஞ்சி அணிந்த போர்வை என்பாரும் உளர். விடை சாஞ்சோவின் செயலில் உள்ளது என்பது நம் கருத்து. மன்னருக்கு மாறாக உதவ மாட்டேன் என்று கூறும் அவ்வேழை, ரிகோட்டேயைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். சட்டத்தைத் தாண்டி அண்டை வீட்டு அன்பு நிற்கிறது. வென்ற கூட்டத்தில் பிறந்த எழுத்தாளர், தோற்றவரின் கண்ணீரை ஓர் அதிகாரத்தின் நடுவே வைத்துவிட்டார்.

பிறரை உரைத்த கல்லில் நம்மையும் உரைக்க வேண்டுமன்றோ? ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) பக்தாதில் தொடங்கிய ‘மிஹ்னா’வும் ஒரு சமய விசாரணையே. திருக்குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை ஒப்புமாறு காஜிகளும் ஆலிம்களும் வற்புறுத்தப்பட்டனர். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறைப்பட்டார்கள். கலீஃபா முஅதஸிம் காலத்தில் சவுக்கடியும் பெற்றார்கள். இமாமவர்களின் உறுதியை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் இதனைத் தொடங்கியவர் யார்? கிரேக்க நூல்களை அரபாக்கிய அறிஞர்களைப் புரந்தவர் என்று நாம் பெருமை பேசும் கலீஃபா மஃமூனே! அறிவை வளர்த்த அரசும், தன் கருத்தைச் சவுக்கால் நிலைநாட்ட முற்பட்டபோது பாடலிபுத்திரத்துப் பல்லவனுக்கு ஒப்பாகிவிட்டது. அடித்த கலீஃபாவை இமாமவர்கள் மன்னித்தார்கள் என்று நூல்கள் கூறுவது, அக்கதையின் உயர்ந்த பகுதியாகும்.

மன்னிப்பு என்றதும் சீறாப்புராணம் நினைவுக்கு வருகிறது. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் உமறுப்புலவர் பாடிய அக்காப்பியம், மக்கத்துக் குறைஷியர் இழைத்த கொடுமைகளை நெஞ்சுருகப் பாடுகிறது. ஆனால் அது ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகிய உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டாண்டுகள் கழித்து, கி.பி. 630இல், மக்காவை வென்ற நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைத் துரத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அவ்வரலாற்றைத் தொடரும் பணி, ‘சின்னச் சீறா’ பாடிய பனீ அகுமது மரைக்காயரைச் சார்ந்தது. துன்பத்தைப் பாடிய படலங்களை ஓதுவதோடு நிறுத்திக்கொள்பவர், நாயக வாழ்வின் மணிமுடியைக் காணாமலே ஏட்டை மூடியவராவார்.

மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பது திருமறையின் போதனை. அது பிறருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. நீற்றறைக்கு இரங்கும் நெஞ்சம், இடிந்த பள்ளிக்கும் இரங்க வேண்டும். கிரனடாவுக்கு அழும் கண், பக்தாதின் சவுக்கையும் காண வேண்டும். இந்த இரக்கத்தைக் கற்பிக்கும் நூல் எவருடையதாயினும், அது நம் வீட்டு அலமாரியில் இருக்கத்தக்கது.