தலைப்பெழுத்தில் பனி

பழைய பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸின் கிறிஸ்துமஸ் அட்டைகளில் முதலில் என் கண் போவது பத்திரிகையின் பெயருக்குத்தான். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் பனி குவிந்து, விளிம்பில் வழிந்து நிற்கும். அந்தப் பனிக்கு மையே கிடையாது. மை படாமல் விட்ட வெறும் தாள்தான் அது. சுற்றியுள்ள சிவப்பும் நீலமும் அதைக் குளிர வைத்துவிடும். என்ன கைத்திறன்!

இத்தகைய காமிக்ஸ்களில், டண்டீ நகரின் டி.சி.தாம்சன் நிறுவனம் 1937இல் 'டேண்டி'யையும் 1938இல் 'பீனோ'வையும் தொடங்கியது. 'டேண்டி' அட்டையில் கார்க்கி என்ற பூனை. 'பீனோ'வில் 1948 முதல் பிஃபோ கரடி, டட்லி வாட்கின்ஸின் தூரிகையில். மற்ற வாரக் கதைகளில் குறும்புக்குப் பல வேளைகளில் அடிதான் முடிவு. கிறிஸ்துமஸில் பெரும்பாலும் வான்கோழியும் புட்டிங்குமாக விருந்து. பளபளப்பான மறுபதிப்புகளைவிட, பனியே பழுப்பேறிப்போன அசல் பிரதிகள்தான் எனக்குப் பிடிக்கும்.