நீலாம்பரி மாத்திரை அல்ல

தூக்கம் வராதவருக்கு நீலாம்பரி, ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்று நோய்க்கொரு ராகம் எழுதித் தரும் பட்டியல்கள் ‘ராக சிகிச்சை’ என்ற பெயரில் புழங்குகின்றன. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. இசை உடலைத் தொடுகிறது என்ற உண்மை அவற்றுக்குள் இருக்கிறது. மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011-இல் அதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். பாட்டில் மெய்சிலிர்க்கும் கட்டத்தில் டோபமைன் சுரந்தது. அந்தக் கட்டம் வரப்போகிறது என்று காத்திருந்த நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில், சுரந்தது. பாடகர் நிஷாதத்திலேயே நின்று மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் இழுக்கும்போது சபையே மூச்சடக்கிக் காத்திருக்கிறதே, அந்தக் காத்திருப்பே பாதி இன்பம்.

ஆனால் அந்த ஆய்வில் ஒலித்தவை, கேட்டவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த இசை. ஹெல்சிங்கியில் பக்கவாதத்திலிருந்து மீள்வோரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்விலும், தமக்குப் பிடித்ததை அன்றாடம் கேட்டவர்களுக்கே சொற்களை நினைவில் வைக்கும் திறன் கூடுதலாகத் தேறியது. அடுத்து என்ன சுரம் வரும் என்று ஏங்குவது பழகிய காது. பழகாத காதுக்கு அந்த ஏக்கம் எங்கிருந்து வரும்? நோயாளி எதைக் கேட்டு வளர்ந்தார் என்று விசாரிக்காமல் ராகத்தை எழுதிக் கொடுப்பது இங்கேயே சறுக்குகிறது.

அதைவிடப் பெரிய பிழை, சுர வரிசையையே மருந்தாக எண்ணுவது. ஆரபி, தேவகாந்தாரி இரண்டின் ஆரோகண அவரோகணங்களையும் தாளில் எழுதிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றுதான். பாடினாலோ, ஆரபி நிமிர்ந்து விறுவிறுவென்று நடக்கும், தேவகாந்தாரி நீண்ட அசைவுகளோடு குழைந்து நிற்கும். கமகமும் காலப்பிரமாணமும் செய்கிற வேலை அது. நீலாம்பரியும் சங்கராபரணத்தின் சேய் ராகமே. அந்தத் தாய் ராகத்தின் சுரங்களைத்தான் மேற்கத்திய இசை மேஜர் ஸ்கேல் என்று பெயரிட்டு மகிழ்ச்சிக்கு உரியதாகக் கொண்டாடுகிறது. அப்படியானால் நீலாம்பரித் தாலாட்டில் குழந்தையைத் தூங்கவைப்பது எது? மெல்லிய நடை, திரும்பத் திரும்ப வரும் ஊசல், அம்மாவின் குரல் என்றே நான் நினைக்கிறேன். இந்துஸ்தானி ராகங்களை அறியாத கனடியர்களும் அவற்றில் மகிழ்ச்சியையும் துயரத்தையும் பெரும்பாலும் சரியாக இனங்கண்டதாக 1999-இல் வெளியான ஆய்வு சொல்கிறது; அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் வேகமும் ஒன்று.

பட்டியலை நம்பி ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அது உயிரோடு விளையாடுவது. சிகிச்சை தருவோருக்குத் தங்கள் கூற்றில் உறுதி இருந்தால் சோதிக்க வழி இருக்கிறது. ஒரே பாடகர் ஒரே காலப்பிரமாணத்தில் நீலாம்பரியையும் வேறு நான்கு ராகங்களையும் பாடட்டும்; கேட்பவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றையும் அவற்றோடு சேர்த்து ஒலிக்கவிடட்டும். எது யாரை எவ்வளவு நேரத்தில் உறங்கவைத்தது என்று, ராகத்தின் பெயர் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும்.